போனில் சொந்தப் பாட்டுகள் சாம்பல் நிறத்திலேயே நிற்கின்றன, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஊர்க் கோயில் கொடைகளில் அப்பா டேப்பில் பதிந்த வில்லுப்பாட்டுகள் 46 கேசட். எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கிவிட்டேன். (பாதி நேரம் பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றியதிலேயே போனது.)

சந்தா கட்டிக் கேட்கும் ஆப்பின் கணினிப் பதிப்பில் ஃபோல்டரைக் காட்டி பிளேலிஸ்ட் போட்டேன். அங்கே நன்றாகப் பாடுகிறது. போனும் அதே வைஃபையில்தான் இருக்கிறது. ஆனால் போனில் டவுன்லோட் கொடுத்தால் 11 மட்டும் இறங்கின, மற்றவை வெறும் பெயராக, சாம்பல் நிறத்தில். அனுமதி எல்லாம் கொடுத்து, ஆப்பை அழித்துத் திரும்பப் போட்டும் பார்த்தாயிற்று.

இறங்கிய 11-க்கும் கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கிறது, மற்றவற்றுக்குத் தமிழில். அதுதான் காரணமா? இல்லை, கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க 45 நிமிடம் ஒரே கோப்பாக இருப்பதாலா?

விஎல்சியில் போடு என்பீர்கள். சரி, பாடும். ஆனால் அம்மாவுக்குப் பழகியது இந்த ஒரே ஆப்தான்.

அப்புறம், யூடியூப் மியூசிக்கில் 1,00,000 பாட்டு வரை கணினி பிரவுசர் வழியாக ஏற்றலாமே, அப்படி ஏற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காக வருகின்றனவா?