ஒன்றரை ஏக்கர், கையில் 2 லட்சம்: முதலில் ஆடா, கோழியா, மாடா?

வேடசந்தூர் செம்மண்:
வணக்கம். 12 வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, போன தை மாதம் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டோம். ஒன்றரை ஏக்கர் செம்மண், ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), சித்திரையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடாது. வரப்போரம் 20 தென்னங்கன்று வைத்திருக்கிறேன். நான் பக்கத்து மில்லில் ஷிப்ட் போகிறேன், பகலில் அம்மாவும் மனைவியும்தான் வீட்டில். என் கணக்கு இது: 10 வெள்ளாடு, ஒரு கறவை மாடு, 50 கருங்கோழி, கொஞ்சம் வான்கோழி, எல்லாம் ஆடிக்குள். கருங்கோழிக் குஞ்சு தருகிறவர் வளர்ந்ததும் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதியும் தருகிறேன் என்கிறார். அம்மா மட்டும் "நாலு ஆடு போதும்டா" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரிசல் பட்டி:
தம்பி, அம்மா சொல்வதைக் கேளுங்கள். நான் கோவில்பட்டிப் பக்கம் 14 வருடமாகக் கன்னி இன வெள்ளாடு வைத்திருக்கிறேன். முதல் வருடம் உங்களைப் போலவேதான் அவசரப்பட்டேன். சந்தையில் நாலு பேரிடம் வாங்கி 12 உருப்படியை ஒரே நாளில் பட்டிக்குள் விட்டேன். பத்தாம் நாள் ஒன்றுக்கு மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல், அதுதான் ஆட்டுக்கொல்லி நோய் என்று டாக்டர் வந்து சொன்னபோது மூன்று செத்துவிட்டது, மொத்தம் ஏழு போனது. அந்தத் தடுப்பூசி மூன்று வருடத்துக்கு ஒரு முறை போட்டால் போதும், வாங்கும் முன் நான் கேட்கவே இல்லை. இப்போது எந்த ஆடு வந்தாலும் 21 நாள் தனியாகக் கட்டிவைத்த பிறகுதான் பட்டியில் சேர்ப்பேன். துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியை மழைக்கு முன் வருடா வருடம் போட்டுவிடுவேன்.

அப்புறம் தீவனம். ஒரு பெரிய ஆட்டுக்கு நாளைக்கு நாலு கிலோவாவது பச்சை வேண்டும், பத்துக்கு 40 கிலோ, உங்கள் நிலத்தில் இன்று அது இருக்கிறதா? வேலிமசால் என்ற தீவனப் பயிரை விதைத்தால் முதல் வெட்டு மூன்று மாதம் கழித்துத்தான், பிறகு 40 நாளுக்கு ஒரு முறை. ஆகவே விதை முதலில், ஆடு பிறகு. வேலியில் கிளுவையும் அகத்தியும் கல்யாண முருங்கையும் ஊன்றுங்கள். சூபாபுல் மரத்தழையும் நல்லதுதான், ஆனால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள். உங்கள் பக்கம் சோளம் அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பூக்காத இளஞ்சோளத்திலும், வெயிலில் வாடிய பயிரிலும், அறுத்த தட்டையில் துளிர்த்த மறுதாம்பிலும் ஆட்டை வாய் வைக்க விடாதீர்கள். அதில் உள்ள விஷம் மாட்டையே சில நிமிடத்தில் சாய்த்துவிடும். தென்னங்கன்றைச் சுற்றி முள் வேலி போடாமல் ஆடு வாங்கினால் ஒரு குருத்துகூட மிஞ்சாது.

நாலு பெட்டை போதும். இரண்டு பல் போட்டதாக, முடிந்தால் ஒரு ஈத்து ஈன்றதாக, சந்தையைவிடச் சம்சாரி வீட்டுப் பட்டியில் தாயையும் பார்த்து வாங்குங்கள். கன்னி ஆடு பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும், சினை ஐந்து மாதம். கிடாவை ஊரில் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

கோபி அடைக்கோழி:
கோழியைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி. கருங்கோழி மத்தியப் பிரதேசத்து ஜாபுவா இனம், கறி நல்ல கறிதான், ஆனால் சரியாக அடைக்கு உட்காராது, குஞ்சுக்கு ஒவ்வொரு முறையும் வெளியே கையேந்த வேண்டும். திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்ற பேச்சை நம்பிப் பணம் போடாதீர்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் எத்தனை குடும்பம் நகையையும் நிலத்தையும் இழந்தது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உள்ளூர்ச் சந்தையில் விற்க முடிகிற உயிரை மட்டும் வளர்க்க வேண்டும் என்பது அன்றைக்கு நான் எடுத்த முடிவு.

சிறுவிடை என்ற நாட்டுக்கோழியில் எட்டுப் பெட்டை, ஒரு சேவல் போதும். வருடத்துக்கு 60, 70 முட்டைதான் இடும், ஆனால் பன்னிரண்டு முட்டை வைத்தால் 21ஆம் நாள் தானே பொரித்துத் தானே மேய்க்கும். அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை என்பதே பெரிய லாபம். குஞ்சுக்கு முதல் வாரமே வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி, இதைத் தள்ளிப்போட்டு ஒரு கோடையில் முழுக் கூட்டத்தையும் புதைத்திருக்கிறேன். புரதத்துக்குக் காசு வேண்டாம்: பழைய பானையில் கந்தல் சாக்கு, காய்ந்த சாணம், ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள், மறுநாள் காலை பானை நிறையக் கரையான் இருக்கும். வான்கோழி இப்போது வேண்டாம். கோழியோடு சேர்ந்து மேய்ந்தால் அதற்கு ஈரல் கெடும் நோய் ஒட்டும், கோழியோ வெளியில் நன்றாகத்தான் தெரியும்.

வேடசந்தூர் செம்மண்:
மிக்க நன்றி அண்ணா, அக்கா. கருங்கோழிக்காரரிடம் முன்பணம் தரவில்லை, நல்லவேளை. மாடு பற்றி யாரும் சொல்லவில்லையே? பிள்ளைகளுக்குப் பால் வேண்டும் என்று மனைவி ஆசைப்படுகிறார்.

பரமத்தி பால்காரர்:
கலப்பின மாடு என்றால் நாளைக்கு 20, 25 கிலோ பச்சை, வைக்கோல், தவிடு, புண்ணாக்கு, விடியலில் கறவை, சாயங்காலம் கறவை. நீங்கள் ஷிப்டுக்குப் போனால் முழு வேலையும் உங்கள் மனைவி தலையில் விழும், அதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். சித்திரையில் இரண்டு மணி நேரம் ஓடும் போரை நம்பிக் கம்பு நேப்பியர் தீவனப்புல் போட்டுவிட்டு, வைகாசியில் தீவனம் விலைக்கு வாங்கினால் பால் காசு அதற்கே சரியாகப் போய்விடும். வீட்டுப் பாலுக்கு மட்டும் என்றால் காங்கேயம் பசு பாருங்கள், கன்று குடித்தது போக இரண்டு லிட்டர் கிடைக்கும், வறட்டுத் தீவனத்திலும் நிற்கும். அதுவும் அடுத்த வருடம். 1962 என்ற எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

வேடசந்தூர் செம்மண்:
மனைவியிடம் கேட்டேன். "மாடு அடுத்த வருடமே இருக்கட்டும், கோழி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். வரும் வியாழன் அய்யலூர் சந்தைக்குப் போகிறேன், விலை விசாரிக்க மட்டும், கையில் பணம் கொண்டுபோக மாட்டேன். அதற்குள் 15 சென்ட் உழுதுவிடுவேன். திண்டுக்கல் பக்கம் யாரிடமாவது இந்த வருட வேலிமசால் விதை இருக்கிறதா? வெந்நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும் என்கிறார்கள், எவ்வளவு நேரம் என்றும் சொல்லுங்கள்.