இறால் மட்டும் காணாமப் போகுது, மீன் மாட்டல. தேவிபட்டினம் பக்கம் தூண்டில் போடுறவங்க சொல்லுங்க

புதுத்தூண்டில் (தேவிபட்டினம்):
வணக்கம். நான் தூண்டிலுக்குப் புதுசு. எங்க தாத்தா அந்தக் காலத்துல மான், முயல்னு வேட்டைக்குப் போனவர். 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதை விட்டுட்டார்னு அப்பா சொல்வார். எனக்கு அந்த ஆசை கடல் பக்கம் திரும்பிருச்சு. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ஒரு ராடும் ரீலும் வாங்கினேன்.

நாலு ஞாயிறா விடியக்காலை அஞ்சு மணிக்கே கரையில நிக்கிறேன், இன்னும் ஒரு மீன் இல்ல. இறாலை உரிச்சுக் கோத்து, ஈயம் கட்டி, முடிஞ்ச தூரம் வீசுறேன். கொஞ்ச நேரத்துல டொக் டொக்குன்னு தட்டுது. வெட்டி, அதான் வெடுக்குனு சுண்டி இழுத்தா, வெறும் தூண்டில் முள்ளு. நேத்து ரெண்டு தடவை முள்ளையே காணோம், தூண்டில் நரம்பு அறுந்து வந்துச்சு. முள்ளு 4-ம் நம்பர். ஈயத்தோட ஒரு கத்தை புல்லும் வருது. எங்க தப்பு பண்றேன்?

மோர்ப்பண்ணை:
தம்பி, அறுந்த நரம்போட நுனி எப்படி இருந்துச்சு? கத்தரியில வெட்டுன மாதிரியா, சொரசொரன்னு தேஞ்சா?

புதுத்தூண்டில்:
வெட்டுன மாதிரி அண்ணே. சுத்தமா.

மோர்ப்பண்ணை:
அப்ப பேத்தை மீன்தான். அதுக்குப் பல்லு கிளி மூக்கு மாதிரி இருக்கும். ஒரு இடத்துல அது கூடிட்டா அம்பது அடி தள்ளிப் போயிருங்க. மாட்டினாலும் வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. ஈரல், சினை, தோலுல விஷம், எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது.

புல்லு இன்னொரு சிக்கல். நம்ம பாக் விரிகுடாப் பக்கம் ஆழம் கம்மி, அடியில புல்லு மண்டிக் கிடக்கும். ஈயம் அதுக்குள்ள இறங்கிட்டா மீனு பாக்குறதுக்குள்ள நண்டும் பொடிமீனும் தின்னுரும். ஈயத்தைக் குறைச்சுத் தக்கை போடுங்க, முள்ளு புல்லுக்கு ஒரு சாண் மேல தொங்கணும். இல்ல, வெயில் ஏறுற வரை பொறுங்க. தண்ணி கருப்பாத் தெரியுற இடம் புல்லு, வெளுப்பாத் தெரியுறது மணல். வெளுத்த இடத்துல போடுங்க. கிழங்கான் மீன் மேயுறது மணல்லதான்.

கீழக்கரை காக்கா:
உரிச்ச இறால் பஞ்சு தம்பி, ஒரே கடியில போயிரும். கணவாயைச் சுண்டுவிரல் நீளத்துக்குப் பட்டையா அரிஞ்சு, ரெண்டு இடத்துல குத்திக் கோருங்க. முள்ளு 10-ம் நம்பருக்கு வாங்க. நம்பர் கூடக் கூட முள்ளு சின்னதாகும், கடையில மாத்திக் கேட்டுராதீங்க. முதல் தட்டுக்கே வெட்டாதீங்க, ராடு நுனி வளைஞ்சு நிக்கட்டும்.

கெளுத்தி, ஓரா மாதிரி துடுப்பு முள்ளால குத்துற மீன் வந்தா வெறுங்கை வேண்டாம். எனக்கு ஒருதடவை ஓரா குத்தி, வலி தோள் வரை ஏறுச்சு. கை பொறுக்குற சூட்டுல வெந்நீரில் அரை மணிக்கு மேல வச்சிருந்தேன், அப்பதான் இறங்குச்சு. அப்புறம் ஆஸ்பத்திரிக்கும் போனேன், நீங்களும் போகணும்.

புதுத்தூண்டில்:
நன்றி காக்கா. தெரிஞ்ச பையன் ஒருத்தன் வள்ளத்துல தீவுக்குப் போயிப் போடலாம்கிறான். போகலாமா?

மண்டபம் வடக்கு:
போகவே போகாதீங்க. மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவும் தேசியப் பூங்கா, 1986-லேயே அறிவிச்சுட்டாங்க. கரையில நிக்கும்போது கடல் அட்டையோ கடல் குதிரையோ கையில வந்தாலும் உடனே தண்ணியில விட்டுருங்க. உங்க தாத்தாவோட மானுக்கு எந்தச் சட்டமோ, அதே சட்டம்தான் அதுகளுக்கும்.

புதுத்தூண்டில் (ரெண்டு வாரம் கழிச்சு):
அண்ணே, காக்கா, மூணு கிழங்கான்! வெளுத்த மணல், 10-ம் நம்பர், கணவாய். முதல் மீன் ஒரு சாண் இருக்கும். மேல் உதட்டோரமா முள்ளு ஏறியிருந்துச்சு, கழட்டும்போது கை நடுங்கிருச்சு. ஒண்ணு விரல் நீளம்தான், விட்டுட்டேன். ரெண்டை அம்மா குழம்பு வச்சாங்க. கணவாய் மிச்சம் இருக்கு, அடுத்த ஞாயிறு வரை தாங்குமா?

கீழக்கரை காக்கா:
தாங்கும். கல்லுப்பைத் தாராளமாப் போட்டுப் புரட்டி, தண்ணியை வடிச்சு, டப்பாவுல மூடி பிரிட்ஜுல வைங்க. உப்பேறினா இன்னும் கெட்டியாகும், முள்ளுல நல்லா நிக்கும்.