ஊரிலிருந்து ஆள் வருது: சென்னை வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

வெளியூர் உறவினர் வந்து தங்கும்போது கவனிக்க வேண்டியவை பற்றி, புனைபெயரில் சிலர் ஆளுக்கொன்றாகச் சொன்னவை:

தாம்பரம் பாசஞ்சர்:

வர்றவங்க எங்கே இறங்கணும்னு டிக்கெட் போடும்போதே முடிவு பண்ணிடுங்க. பாதித் தலைவலி அங்கேதான் ஆரம்பிக்குது. மதுரை, நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கத்து ராத்திரி ரயில்கள் பெரும்பாலும் எழும்பூருக்குத்தான் வரும். வழியில தாம்பரத்துல நிற்கும். உங்க வீடு வேளச்சேரி, மேடவாக்கம், குரோம்பேட்டை, ஓ.எம்.ஆர். பக்கம்னா அவங்க இறங்க வேண்டியது தாம்பரம். எழும்பூர் வரைக்கும் போயிட்டு அதே வழியில தெற்கே திரும்பி வர்றது வீண் அலைச்சல். கோவை, ஈரோடு, சேலம் பக்கத்து வண்டின்னா சென்ட்ரல், அதுல குழப்பம் இல்லை.

ஆனா தாம்பரத்துல வண்டி நிற்கிறது கொஞ்ச நிமிஷம்தான். விடிகாலையில பெரியவங்க அசந்து தூங்கிட்டா எழும்பூர்லதான் கண்ணு முழிப்பாங்க. செங்கல்பட்டுல இருந்து தாம்பரம் சுமார் அரை மணி நேரம். வண்டி செங்கல்பட்டு வந்ததும் நீங்களே போன் போட்டு எழுப்புங்க. கூடுவாஞ்சேரி தாண்டுறப்போ மூட்டை முடிச்செல்லாம் கதவுப் பக்கம் வந்திருக்கணும். கோச் நம்பரை முன்னாடியே வாங்கி வெச்சுக்கிட்டா பிளாட்பாரத்துல ஓடித் தேட வேண்டாம்.

எழும்பூர், சென்ட்ரல் ரெண்டுலயும் மெட்ரோ இருக்கு. காலையில 5 மணிக்குத்தான் தொடங்கும். நாலரைக்கு வண்டி வந்துட்டா அரை மணி நேரம் ஸ்டேஷன்லயே உட்காரச் சொல்லுங்க. அந்நேரத்துல ஆட்டோக்காரர் சொல்ற ரேட்டுக்கு அந்த அரை மணி மலிவு. எழும்பூர்ல இருந்து அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் எல்லாம் மாறாம போகலாம். நந்தனம், சைதாப்பேட்டை, கிண்டின்னா ஒரு ஸ்டேஷன் சென்ட்ரலுக்குப் போய் நீலத் தடத்துல மாறணும்.

ஃபிளாட் செக்ரெட்டரி:

பஸ்ஸில் வருபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. இன்னமும் ஊரில் பல பெரியப்பாக்கள் "கோயம்பேட்டுல இறங்கி கூப்பிடுறேன்" என்றுதான் சொல்கிறார்கள். தென் மாவட்ட அரசு பஸ் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மாநகரப் பேருந்து மாற வேண்டும். பெண்களுக்குக் கட்டணம் இல்லாதது சாதாரணக் கட்டண பஸ்ஸில் மட்டும். இதைச் சொல்லி அனுப்பாவிட்டால், டீலக்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு "லேடீஸ் ஃப்ரீதானே" என்று கேட்டு கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

முகவரி அனுப்பும்போது பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். சென்னையில் ஒரே தெருவில் புதிய எண் 12 ஒரு வீடு, பழைய எண் 12 இன்னொரு வீடு. காந்தி தெரு, பாரதி தெரு இல்லாத பேட்டையே கிடையாது, அதனால் பின்கோடு கட்டாயம். வேளச்சேரி 600042, மடிப்பாக்கம் 600091. பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றில் போய் நின்றால் காலை நெரிசலில் மணிக்கணக்கு. லொகேஷன் பின்னை வீட்டுக்குள் உட்கார்ந்தபடி அனுப்பாதீர்கள். அடுக்குமாடிக்குள் ஜி.பி.எஸ். பின்பக்கத் தெருவைக் காட்டிவிடும். கேட்டுக்கு வெளியே நின்று எடுத்து அனுப்புங்கள்.

வாட்ச்மேனிடம் முன்கூட்டியே பெயர் சொல்லி வைப்பது நல்லது. செயலியில் அனுமதி கேட்டு உங்கள் போன் அடிக்கும்போது நீங்கள் மீட்டிங்கில் இருந்தால், வயதானவர்கள் கேட்டில் பையோடு நிற்பார்கள். பார்க்க நன்றாக இருக்காது.

மடிப்பாக்கம் மாடிவீடு:

எல்லாரும் ரயில், பஸ்ஸோட நிக்கிறீங்க. நாக்குத் தள்ளுறது தண்ணியிலதான்.

கணக்கு சிம்பிள். நகரத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு திட்டம் போடுறது வழக்கம். வீட்டுல நாலு பேர்னா 540. விருந்தாளி நாலு பேர் சேர்ந்தா 1,080. மாடியில இருக்கிறது ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ்! காலையில ஒருதரம் மோட்டார் போட்டுப் பழகின வீட்டுல, சாயங்காலம் யாரோ தலைக்கு ஷாம்பு போட்டு நிக்கும்போதுதான் குழாய் காத்து வாங்கும். ஆள் வந்த நாள்ல இருந்து மோட்டார் ரெண்டு வேளை. சம்ப்புல, அதாவது தரைக்கடித் தொட்டியில, எவ்வளவு இருக்குன்னு முதல்நாள் ராத்திரியே மூடியைத் திறந்து பாருங்க. தண்ணி லாரி சொல்லணும்னா அப்பவே சொல்லணும். சம்ப்பு காலியா இருக்கும்போது மோட்டார் ஓடினா காத்து ஏறிடும், அப்புறம் பிரைமிங் பண்ண, அதாவது தண்ணி ஊத்திக் காத்தை வெளியேத்த, ஆளைத் தேடணும்.

போர் தண்ணி உப்புன்னா அதையும் வந்தவுடனே சொல்லிடுங்க. சிறுவாணித் தண்ணியில குளிச்சுப் பழகினவங்க, சோப்பு நுரைக்கலைன்னு அரை சோப்பைக் கரைப்பாங்க. உப்புத் தண்ணியில பருப்பும் சரியா வேகாது, அதனால குழம்பு, சாதத்துக்கும் கேன் தண்ணிதான். எட்டுப் பேருக்குக் குடிக்க, சமைக்கன்னு வெயில் காலத்துல ஒரு நாளைக்கு ஒன்றரை கேன், அதாவது 30 லிட்டர் வேணும். கேன் போடுற பையன் ஞாயித்துக்கிழமை வர மாட்டான். சனிக்கிழமையே ரெண்டு கூடுதலா இறக்கி வெச்சுக்குங்க.

அடுத்தது கீசர். 15 லிட்டர், 2,000 வாட் கீசர் 60 டிகிரிக்குச் சூடாக 17 நிமிஷம் ஆகும். அந்த 15 லிட்டர்ல பச்சைத் தண்ணி 25 லிட்டர் கலந்தா குளிக்கிற பதத்துல 40 லிட்டர் வரும், ரெண்டு பக்கெட். ஆளுக்கு ஒரு பக்கெட்னா ரெண்டு பேர் குளிச்சதும் கால் மணி இடைவெளி விடணும். ஷவர்ல குளிச்சா இந்தக் கணக்கெல்லாம் போச்சு. பாத்ரூம் ஒண்ணுதான்னா ஆபீஸ், ஸ்கூல் போறவங்க ஏழரைக்குள்ள முடிச்சுட்டு வெளியே வந்துடணும். விருந்தாளிக்கு எட்டுக்கு மேலே. இதை ராத்திரி சாப்பாட்டு நேரத்துல சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டா யாருக்கும் மனத்தாங்கல் வராது. காலையில கதவைத் தட்டிச் சொன்னாதான் வரும்.

ஃபிளாட் செக்ரெட்டரி:

கீசர் ஓடும்போது ஏ.சி., இண்டக்ஷன் அடுப்பு இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழும். விழுந்தால் விருந்தாளிகள் ஃபியூஸ் பெட்டியைத் தேடி இருட்டில் தடவுவார்கள், இடத்தை முன்பே காட்டி வையுங்கள். கரண்ட் பில்லுக்கு இன்னொன்று. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். ஐந்து ராத்திரி, எட்டு மணி நேரம் என்றால் 40, 50 யூனிட். 460-ல் இருப்பவர் தாண்டிவிடுவார். இதற்காக ஏ.சி.யை அணைத்து மாமியாரைப் புழுக்கத்தில் போடச் சொல்லவில்லை, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

முக்கியமாக வாசல் கதவு. தானாகப் பூட்டிக்கொள்ளும் லாட்ச் இருந்தால் வந்த முதல் அரை மணிக்குள் அதைச் செய்து காட்டுங்கள். குப்பை வைக்க வெளியே வருவார்கள், காற்றில் கதவு சாத்திக்கொள்ளும், உள்ளே அடுப்பில் பால். உபரிச் சாவி எதிர்வீட்டில் இருக்கட்டும். பழைய கிரில் கதவு லிஃப்டை இறங்கியதும் மூடச் சொல்லுங்கள். மூடாவிட்டால் லிஃப்ட் அந்த மாடியிலேயே நிற்கும், கீழே உள்ள பாட்டி கத்துவார்.

டபரா செட்:

சமையல் பற்றி யாரும் பேசலையே! எட்டுப் பேர் காபிக்கு, 80 கிராம் பொடி, கொதிக்கிற தண்ணி 450 மில்லி. பொடி கொஞ்சம் குடிச்சுக்கும், டிகாஷன் 300 மில்லி இறங்கும். ராத்திரியே போட்டு வெச்சுடுங்க. பொடியை அழுத்தி அமுக்கினா சொட்டாது, காலையில ஃபில்டரைத் தட்டிக்கிட்டு நிக்கணும். பால் காபிக்கு மட்டும் ஒரு லிட்டர், அரை லிட்டர் பச்சை ஆவின் ரெண்டு. தயிர், குழந்தைக்குப் பால், சாயங்காலக் காபி சேர்த்தா ரெண்டரை லிட்டருக்குக் குறையாது. பால்காரர் கிட்ட முதல் நாளே சொல்லுங்க.

இட்லி மாவு: ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஏறக்குறைய 60 இட்லி வரும். காலையில இட்லி, மிச்சம் ராத்திரி தோசை. பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க, மே மாசத்துல விடியறதுக்குள்ள பொங்கி மேடையெல்லாம் வழியும். மார்கழியில 12 மணி நேரம் வெச்சாலும் சில நாள் எழும்பாது. அவசரத்துக்குக் கடை மாவு ஒரு கிலோ பாக்கெட் வாங்கினா இருபது இட்லிதான் கிடைக்கும், அதை நம்பி எட்டுப் பேரைக் கூப்பிடாதீங்க.

கோவைக்காரி:

டபரா அக்கா, வர்றவங்க பக்கமும் கொஞ்சம் சொல்றேங்க. சென்னையில உறவுக்காரங்க வீட்டுக்குப் போறப்ப நேரம் பார்த்துப் போகோணும். ஞாயித்துக்கிழமை பதினொண்ணு, இல்லைன்னா சாயங்காலம் அஞ்சு. பகல் ஒரு மணிக்குப் போய் நின்னா சோறு போடுங்கன்னு சொல்லாம சொல்ற மாதிரி. "வெறும் காபி போதும்"னு சொன்னா அவங்க கேசரி கிண்டத்தான் போறாங்க. "சாப்பிட்டுட்டு வர்றோம்"னு முதல் நாளே சொல்லி, நிஜமாவே சாப்பிட்டுட்டுப் போனாத்தான் நம்புவாங்க.

வெறுங்கையோட போகக் கூடாது, சரி. ஆனா ஸ்வீட் பாக்ஸ் வேண்டாங்க, வீட்டுக்கு ஒரு சர்க்கரைக்காரர் இருக்காரு. ஊர்த் தேங்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை, செக்குல ஆட்டின எண்ணெய், இதுக்குத்தான் இங்கே மதிப்பு. கறிவேப்பிலையை ஈரம் இல்லாம காகிதத்துல சுத்திக் கொண்டு வாங்க, பிளாஸ்டிக் கவர்ல ராத்திரி பூரா வெச்சா கறுத்துப்போகும். எண்ணெய்க் கேனைத் துணி மூட்டைக்குள்ள படுக்க வெக்காதீங்க.

கண்ணு ஆஸ்பத்திரிக்குன்னு வர்றவங்க தனியா வரக் கூடாது. கண்ணுப் பாப்பாவைப் பெரிசாக்கச் சொட்டு மருந்து போட்டா சில மணி நேரம் எல்லாம் மங்கலாத் தெரியும், தெரியாத ஊர்ல பஸ் போர்டு படிக்க முடியாது. பழைய ரிப்போர்ட், கண்ணாடிச் சீட்டு எல்லாம் கையோட இருக்கட்டும்.

தாம்பரம் பாசஞ்சர்:

ஊர் சுத்திக் காட்டுறவங்க கிழமையைப் பாருங்க. வண்டலூர் மிருகக்காட்சிச் சாலைக்கும் தக்ஷிணசித்ராவுக்கும் செவ்வாய் லீவு. எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை கிடையாது. கபாலி கோயில்ல மத்தியானம் நடை சாத்திடுவாங்க, 12 மணிக்கு மயிலாப்பூர் போய் இறங்குனா வெயிலோட திரும்ப வேண்டியதுதான்.

திரும்பப் போற டிக்கெட்டை வர்ற டிக்கெட்டோடயே எடுத்துடுங்க. ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடி திறக்குது. பொங்கல், தீபாவளிக்கு அன்னைக்குக் காலையில 8 மணிக்கே உட்கார்ந்தாத்தான் கிடைக்கும். தட்கல் முதல் நாள், ஏ.சி.க்கு 10 மணி, மத்ததுக்கு 11 மணி. போர்டிங் தாம்பரம்னு போட்டு டிக்கெட் எடுத்தா எழும்பூர்ல ஏறப் போகாதீங்க. வீட்டுல இருந்து வண்டி நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி கிளம்புங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா இன்னும் அரை மணி சேர்த்துக்குங்க.

டபரா செட்:

ராத்திரி வண்டிக்குக் கட்டித் தர்றதா இருந்தா ஆளுக்கு நாலு இட்லி. சூட்டோட கட்டினா வேர்த்து ஊசிப்போகும், தட்டுல பரப்பி நல்லா ஆற விட்டு, ரெண்டு பக்கமும் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டின வாழை இலையில கட்டுங்க. தயிர்சாதம்னா பாலை நிறைய ஊத்தி ஒரே ஒரு ஸ்பூன் தயிர், ராத்திரிக்குள்ள அதுவே தோஞ்சுடும். ஊறுகாயைத் தனிப் பொட்டலமா வெச்சு அனுப்புங்க.