‘கெட்’டுன்னா வாங்குறது மட்டுமா?

முகில்: பெரியப்பா, இங்கிலீஷ்ல கெட்-னா (get) வாங்குறதுதானே? ‘ஐ காட் ஹோம் லேட்’டுல எதை வாங்குனாங்க? 🤔

பெரியப்பா: வீட்டை இல்லப்பா 😄 காட் (got), கெட்டோட இறந்தகாலம். கெட்டுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு பாரு. பொருள் வந்தா கிடைக்குறது, வாங்குறது: ‘காட் எ லெட்டர்’. இடம் வந்தா போய்ச் சேருறது: ‘காட் டு த ஸ்டேஷன்’. பெயரடை வந்தா ஆகுறது: ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’, இருட்டிக்கிட்டு வருது.

பெரியப்பா: ஹோம், ஹியர், தேர் மாதிரி சொல்லுக்கு முன்னாடி ‘டு’ போடாதே.

கவி அக்கா: ‘ஷி இஸ் மேரீட்’ நிலை, ‘ஷி காட் மேரீட்’ நடந்த சம்பவம். ‘காட் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்’னு எழுதினா கல்யாணமே 10 வருஷம் நடந்த மாதிரி ஆயிடும். ‘டென் இயர்ஸ் அகோ’ போடு. ‘ஃபார்’தான் வேணும்னா ‘ஹேஸ் பீன் மேரீட்’.

சித்தி: முடி வெட்டிக்கிட்டேன்னு சொல்ல ‘ஐ கட் மை ஹேர்’ போதாதா கவி?

கவி அக்கா: நீங்களே கத்தரிக்கோல் எடுத்த மாதிரி ஆயிடும் சித்தி. அடுத்தவங்க வெட்டிவிட்டா ‘ஐ காட் மை ஹேர் கட்’. பொருள் நடுவுல, வினையோட மூணாவது வடிவம் கடைசியில. ‘காட் ரிப்பேர்ட் மை ஃபோன்’னு பலரும் எழுதுறாங்க, தப்பு. ‘காட் மை ஃபோன் ரிப்பேர்ட்’.

பெரியப்பா: ஆளையும் சொல்லணும்னா ‘காட் ஹிம் டு ரிப்பேர் இட்’. கெட்டுக்கு ‘டு’ கட்டாயம். ஹேவ், மேக் ரெண்டுக்கும் கூடாது: ‘ஹேட் ஹிம் ரிப்பேர் இட்’, ‘மேட் ஹிம் ரிப்பேர் இட்’. கெட்டுல பேசிச் சம்மதிக்க வச்ச வாடை இருக்கும். ஹேவ்ல வேலையா ஒப்படைச்சது. மேக்னா கட்டாயம்.

சித்தி: பஸ்ல ‘கெட் டவுன்’?

கவி அக்கா: நம்மாளுங்க பழக்கம் 😀 பொதுவா பஸ், ரயில், விமானம்னா ‘கெட் ஆன், கெட் ஆஃப்’. கார், டாக்ஸின்னா ‘கெட் இன், கெட் அவுட் ஆஃப்’. ஏணியிலிருந்து இறங்க ‘கெட் டவுன்’ சரி.

முகில்: அமெரிக்கன் சீரியல்ல ‘காட்டன்’னு கேக்குது. பருத்தியா?

பெரியப்பா: 😂 கெட்டோட மூணாவது வடிவம்டா. ‘இட் ஹேஸ் காட்டன் வர்ஸ்’, அதாவது இன்னும் மோசமாயிடுச்சு. பிரிட்டிஷ்ல அங்கேயும் ‘காட்’தான். ஆனா ‘என்கிட்ட இருக்கு’ன்னு சொல்ல அமெரிக்கர்களும் ‘ஐ ஹேவ் காட்’தான், காட்டன் வராது.

பெரியப்பா: ‘யூஸ்ட் டு டிரைவ்’னா முன்னாடி ஓட்டிக்கிட்டிருந்தது. ‘காட் யூஸ்ட் டு டிரைவிங்’னா ஓட்டிப் பழகிட்டது. ‘இங்’ விட்டுப்போனா வாக்கியம் நிக்காது.

முகில்: ‘ஐ காட் மை ஃப்ரெண்ட் கேரி த பேக்.’ சரியாக்கா?

கவி அக்கா: ‘டு’ எங்கே?

முகில்: ‘ஐ காட் மை ஃப்ரெண்ட் டு கேரி த பேக்’ 🙈

கவி அக்கா: இப்ப சரி. ‘ஹேட்’ போட்டிருந்தா முதல்ல எழுதுனதே போதும்.