காலேஜ் பேப்பர்ல போட மாட்டேன்னுட்டாங்க, நாங்களே தனியா ஒரு பேப்பர் கொண்டு வரலாமா?

கயல்விழி_எம்எஸ்:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் ரெண்டாவது செமஸ்டர் படிக்கிறேன், எந்த யுனிவர்சிட்டின்னு சொல்ல வேணாம்னு பாக்குறேன். சேர்ந்த முதல் மாசத்துல இருந்து இங்க கேம்பஸ் பேப்பர்ல எழுதிட்டு இருக்கேன். கிராட் ஹவுசிங்ல, அதாவது மாஸ்டர்ஸ், பிஎச்டி படிக்கிறவங்களுக்கு யுனிவர்சிட்டி வாடகைக்கு விடுற வீடுகள்ல, பாத்ரூம் சுவர் முழுக்க பூஞ்சை, குழந்தை இருக்கிற வீடுகள்லகூட அப்படித்தான், ஆனா வாடகை மட்டும் ஏறிட்டே இருக்கு. பதினோரு வீடு ஏறி இறங்கி ஃபோட்டோ எடுத்து மெயின்டெனன்ஸ் கம்ப்ளெயின்ட் காப்பி எல்லாம் வாங்கி எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அடுத்த வாரம்னு மூணு வாரம் இழுத்தாங்க, அப்புறம் பேப்பரோட அட்வைசர் கூப்பிட்டு இது இப்ப வேணாம்மான்னு சொல்லிட்டார். பேப்பருக்கு வர்ற காசு ஸ்டூடன்ட் ஃபீஸ்ல இருந்து, அதைப் பிரிச்சுக் கொடுக்கிறது எந்த ஆபீஸோ அந்த ஆபீஸ்தான் ஹவுசிங்கையும் பாக்குது. அதுக்கு மேல யாரும் எதுவும் பேசல.

நாங்க நாலு பேர் சேர்ந்து நாலு பக்கத்துல தனியா ஒண்ணு கொண்டு வரலாம்னு இருக்கோம். ஒருத்தி அண்டர்கிரவுண்டா பேர் போடாம பண்ணலாம்ங்கிறா, இன்னொருத்தன் முறையா இண்டிபெண்டன்ட் பேப்பராவே ரெஜிஸ்டர் பண்ணலாம்ங்கிறான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், பர்மிஷன் வாங்கணுமா, இதுக்கு முன்னாடி பண்ணவங்க எப்படிப் பண்ணாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

முதலைக்குளம்:
கயல், நான் கெய்ன்ஸ்வில்ல ஃப்ளோரிடா யுனிவர்சிட்டில படிச்சவன், அதனால எங்க ஸ்டூடன்ட் பேப்பர் அலிகேட்டரோட கதையில இருந்தே சொல்றேன், உங்க ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் கேக்குறதும் அந்த ஒரே கதையில இருக்கு.

1971 அக்டோபர். அப்ப ஃப்ளோரிடாவுல கருக்கலைப்பு எங்க பண்ணலாம்னு தகவல் சொல்றதே குற்றம், 1868 காலத்துச் சட்டம். எடிட்டர் ரான் சாக்ஸ், அவரும் ஸ்டூடன்ட்தான், இந்த விஷயத்துல உதவுற இடங்களோட அட்ரஸ் லிஸ்ட்டைப் போடணும்னு முடிவு பண்றார். பேப்பருக்குள்ள அச்சடிக்க விடல. என்ன பண்ணாங்கன்னா லிஸ்ட்டைத் தனித் தாளா சைக்ளோஸ்டைல் எடுத்து, அச்சாகி வந்த பேப்பர் ஒவ்வொண்ணுக்குள்ளயும் கையால சொருகி அனுப்பிட்டாங்க! ஆயிரக்கணக்கான பேப்பர், ஒவ்வொண்ணா பிரிச்சு தாளை வச்சு மூடிருக்காங்க, அதை நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்கும். அவரை அரெஸ்ட் பண்ணாங்க, கேஸ் நடந்துச்சு, கடைசில அந்தச் சட்டமே செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா யுனிவர்சிட்டிக்கும் பேப்பருக்கும் இருந்த உறவு அதோட முறிஞ்சுது. 1973ல கேம்பஸை விட்டு வெளிய வந்து, லாப நோக்கில்லாத தனி கம்பெனியா பதிவு பண்ணி, பேர்லயே இண்டிபெண்டன்ட்னு சேர்த்துக்கிட்டாங்க. விளம்பரக் காசுலதான் ஓட்டுனாங்க.

கிட்டத்தட்ட அதே நேரம் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி இருக்கிற பெர்க்லிலயும் இதே மாதிரி ஆச்சு. பீப்பிள்ஸ் பார்க்னு, யுனிவர்சிட்டி நிலத்துல ஜனங்களே பூங்காவா மாத்தி, அப்புறம் யுனிவர்சிட்டி வேலி போட்ட இடம், அதைத் திரும்ப எடுங்கன்னு அங்க ஸ்டூடன்ட் பேப்பரான டெய்லி கலிஃபோர்னியன் 1971 மே மாசம் தலையங்கம் போட்டுச்சு, எடிட்டர்களைத் தூக்கப் பாத்தாங்க, பேப்பர் தனியா வெளிய போயிடுச்சு. இவங்க எல்லாம் இண்டிபெண்டன்ட். அண்டர்கிரவுண்ட்னு சொல்றது டெக்சஸ்ல ஆஸ்டின்ல 1966ல ஆரம்பிச்ச தி ராக் மாதிரி, அது முதல் நாள்ல இருந்தே யுனிவர்சிட்டிக்கு எதிர்ல நின்ன பேப்பர். அங்க எடிட்டர்னு சொல்ல மாட்டாங்க, 'புனல்'னு சொல்லுவாங்க, எல்லாரும் எழுதுறது அவங்க வழியா ஊத்தி வெளிய வருதுன்னு அர்த்தம். 1977 வரைக்கும் வந்துச்சு. அந்தக் காலத்து அண்டர்கிரவுண்ட் பேப்பர்கள் எல்லாம் ஒரு சிண்டிகேட் வச்சிருந்தாங்க, ஒருத்தர் பேப்பர்ல வந்ததை இன்னொருத்தர் காசு கொடுக்காம எடுத்துப் போட்டுக்கலாம். நாலு பேர் ஒரு பேப்பரை நிரப்ப முடிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம், ஆஃப்செட் பிரிண்டிங் சல்லிசா கிடைச்சது இன்னொரு காரணம்.

அதனால என் கருத்து என்னன்னா பேர் போடுறதா வேணாமாங்கிறதை அப்புறம் பேசிக்கலாம், பிரிண்ட் காசு யார் கையில இருக்கு, பேப்பரை எங்க வைக்கப் போறீங்க, இந்த ரெண்டையும் முதல்ல முடிவு பண்ணுங்க.

வழக்கறிஞர்_டெக்சஸ்:
உங்களுது ஸ்டேட் யுனிவர்சிட்டிங்கிறது பெரிய பலம். பேச்சு, பத்திரிகைச் சுதந்திரம் தர்ற அரசியலமைப்போட முதல் திருத்தம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், பிரைவேட் யுனிவர்சிட்டின்னா கதையே வேற.

பாபிஷ் கேஸைத் தேடிப் படிங்க, ரொம்பச் சின்னத் தீர்ப்புதான். மிசௌரி யுனிவர்சிட்டில ஜர்னலிசம் படிச்ச கிராட் ஸ்டூடன்ட், 1969ல ஃப்ரீ பிரஸ் அண்டர்கிரவுண்ட்னு ஒரு பேப்பரை கேம்பஸ்ல கொடுத்தாங்கன்னு டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க. முதல் பக்கத்துல சுதந்திர தேவியைப் போலீஸ்காரங்க பலாத்காரம் பண்ற கார்ட்டூன், உள்ள ஒரு தலைப்புல கெட்ட வார்த்தை. 1973ல சுப்ரீம் கோர்ட் 6க்கு 3ன்னு அந்தப் பொண்ணு பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, நாகரிகமா இல்லங்கிற ஒரே காரணத்துக்காக ஸ்டேட் யுனிவர்சிட்டில ஒரு கருத்தைத் தடுக்க முடியாதுன்னு. இதுல எல்லாரும் கவனிக்காத ஒரு விஷயம், பேர்தான் அண்டர்கிரவுண்ட், ஆனா யுனிவர்சிட்டி பிசினஸ் ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கி நாலு வருஷத்துக்கு மேல அங்க வித்துட்டு இருந்த பேப்பர் அது. எங்க நின்னு கொடுக்கலாம், எந்த நேரம்ங்கிற மாதிரி பொதுவான ரூல்ஸ் யுனிவர்சிட்டி போடலாம், உள்ள என்ன எழுதிருக்குன்னு பாத்து ரூல் போட முடியாது. உங்க யுனிவர்சிட்டியோட டிஸ்ட்ரிபியூஷன் பாலிசியை எடுத்து வரி விடாம படிச்சிடுங்க.

இன்னொண்ணு, 2000ல இல்லினாய்ல கவர்னர்ஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டில டீன் நேரா பிரிண்டருக்கே ஃபோன் பண்ணி எங்களுக்குக் காட்டாம அச்சடிக்காதீங்கன்னு சொல்லி, அந்த ஸ்டூடன்ட் பேப்பர் நின்னே போச்சு. ஸ்டூடன்ட்ஸ் கேஸ் போட்டு 2005ல அப்பீல் கோர்ட்ல தோத்தாங்க. அப்புறம் அந்த மாநிலமே 2007ல காலேஜ் பேப்பர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் கொண்டு வந்துச்சு. இங்க பில் கட்டுனது யுனிவர்சிட்டி, அதனாலதான் அந்த ஃபோனுக்கு அவ்வளவு பலம். உங்க பிரிண்டருக்கு நீங்களே காசு கொடுங்க, கம்மியா அடிச்சாலும் பரவால்ல.

ஸ்டென்சில்_மாமா:
அம்மா கயல், சட்டம் எல்லாம் எனக்குத் தெரியாது, பண்ண அனுபவம் இருக்கு அதைச் சொல்றேன். தொண்ணூறுகள்ல தென்மாவட்டத்துல ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல கையெழுத்துப் பத்திரிகை நடத்துனோம். ஒரே ஒரு பிரதிதான், ரூம் ரூமா சுத்தும், கடைசி நாலு பக்கத்தைக் காலியா விட்டுடுவோம், படிச்சவங்க அதுல கருத்து எழுதணும். கதை கவிதை போட்ட வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல. மெஸ் பில் கணக்கைப் போட்டோம் பாருங்க, எந்த மாசம் எத்தனை மூட்டை அரிசி வந்துச்சு எத்தனை பேர் சாப்பிட்டோம்னு வெறும் கணக்கு, ஒரு திட்டு வார்த்தை கிடையாது. அந்தப் பிரதியை வாங்கிட்டுப் போனவர் திருப்பித் தரவே இல்ல. இருந்ததே ஒரு பிரதி, ஆறு வாரம் ராத்திரி கண்முழிச்சு எழுதுனது, இன்னிக்கும் நெஞ்சு வலிக்குது. அப்புறம்தான் ஸ்டென்சில்ல இறங்கினோம், ஊசி மாதிரி பேனாவால மெழுகுத்தாள்ல எழுதணும், அழுத்துனா 'ழ'வோட சுழி கிழிஞ்சு மை ஒழுகும், லேசா எழுதுனா விழாது. நூறு பிரதி எடுத்தோம், அப்புறம் யாரால பறிக்க முடியும்?

ஆதாரத்தோட காப்பியை நாலு இடத்துல வைம்மா. கோபமா எழுதாதே, அந்தக் கம்ப்ளெயின்ட் தேதிகளை அப்படியே வரிசையா போடு, அது போதும்.

பாஸ்டன்_இலக்கியா:
எல்லாரும் தைரியம் சொல்றீங்க, நல்லதுதான், ஆனா கயல் எஃப்-1 விசாவா, அதாவது வெளிநாட்டு ஸ்டூடன்ட் விசாவா இருந்தா ஒண்ணு சொல்லியே ஆகணும். இங்க பாஸ்டன் பக்கத்துல டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டில பிஎச்டி படிச்ச ருமேசா ஓஸ்டுர்க், துருக்கிப் பொண்ணு, ஸ்டூடன்ட் பேப்பர்ல மத்தவங்களோட சேர்ந்து பாலஸ்தீன விஷயத்துல யுனிவர்சிட்டியை விமர்சிச்சு ஒரு கட்டுரை எழுதுனவங்க. 2025 மார்ச்ல விசாவை ரத்து பண்ணி, முகமூடி போட்ட ஆட்கள் ரோட்டுல வச்சே பிடிச்சிட்டுப் போனாங்க, ஆறு வாரத்துக்கு மேல லூசியானாவுல அடைச்சு வச்சு, ஜட்ஜ் உத்தரவு போட்ட பிறகுதான் விட்டாங்க. அது நடந்த தெரு எனக்கு நடந்து போற தூரம். அதுக்கப்புறம் வெளிநாட்டு மாணவர்கள் எழுதவே பயப்படுறாங்கன்னு ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி ஸ்டூடன்ட் பேப்பர் ஸ்டான்ஃபோர்ட் டெய்லி அந்த வருஷம் ஆகஸ்ட்ல அரசாங்கத்து மேல கேஸே போட்டுச்சு. உங்க விஷயம் பூஞ்சையும் வாடகையும், அது வேற இது வேறதான், ஆனாலும் யார் பேர் வெளிய வரணும்ங்கிறதை நாலு பேரும் உக்காந்து பேசுங்க. பேர் போடாம எழுதுறது கோழைத்தனம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. இன்னொண்ணு, சம்பளம்னு ஒரு டாலர்கூட வாங்கிடாதீங்க, அது வேலைன்னு ஆயிடும்.

கயல்விழி_எம்எஸ்:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி நாலு பேரும் இதை உக்காந்து சத்தமா படிச்சோம். எங்கள்ல ரெண்டு பேர் இந்த நாட்டு சிட்டிசன், எடிட்டர்னு அவங்க பேர் மட்டும் போகும், என் பேர் வராது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனா இலக்கியா அக்கா சொன்னது அம்மா சொன்ன மாதிரி இருந்துச்சு. பிரிண்டர் கேம்பஸ்ல இல்ல, பக்கத்து ஊர்ல பாத்திருக்கோம், காசு நாங்களே போடுறோம். பாலிசியும் படிச்சாச்சு, மூடுன கட்டடத்துக்குள்ள வைக்கத்தான் பர்மிஷன் வேணும், வெளிய நின்னு கையில கொடுக்க வேணாம்.

மாமா, உங்க காலிப் பக்கம் ஐடியாவை எடுத்துக்கிட்டோம். ஹவுசிங்ல லாண்டரி ரூம் போர்டுல குடியிருக்கிறவங்க என்ன வேணா ஒட்டலாம், அங்க ஒரு பிரதி ஒட்டி, பக்கத்துல வெள்ளைத்தாள் ஒட்டி, உங்க வீட்டுல எப்படி இருக்குன்னு எழுதுங்கன்னு விடப் போறோம்.

ஸ்டென்சில்_மாமா:
ரொம்ப சந்தோஷம்மா. பேனாவை நூல்ல கட்டித் தொங்க விடு, இல்லேன்னா ராத்திரிக்குள்ள காணாமப் போயிடும். தாள் நிறைஞ்சதும் கழட்டிப் பத்திரமா வை, அதுல இருக்கிறதுதான் ரெண்டாவது இதழ்.