மாடல் ரயிலில் ஒரே பாயிண்டை இரண்டு பக்கமிருந்தும் மாற்ற வழி வேண்டும்

கோவையில் மாடி அறையில் எச்ஓ அளவில் (1:87) ஒரு மாடல் ரயில் லேஅவுட், டிசிசியில் (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி வண்டிகளை ஓட்டும் முறை) ஓடுகிறது. அறை 12க்கு 10 அடி. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில்தான் யார்டு, இரு புறமும் ஆள் நின்று ஷன்டிங் (பெட்டிகளைப் பிரித்துச் சேர்ப்பது) செய்வார்கள். பாயிண்டுகளை (வண்டியை ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குத் திருப்பும் தண்டவாளப் பகுதி) மாற்றும் சுவிட்சுகள் எல்லாம் ஒரு பக்கத்தில்தான். எதிர்ப் பக்கம் நிற்பவர் ஒவ்வொரு முறையும் சுற்றி வர வேண்டும், குறுகலான வழியில் மற்றவரோடு இடித்துக்கொள்கிறார். போன பொங்கலிலிருந்து ஞாயிறு மாலை நண்பர்கள் ஓட்ட வருகிறார்கள், அவர்கள் சிரமப்படுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

பாயிண்டை நகர்த்தும் மோட்டார்கள் ஸ்டால் வகை (முனைக்குப் போனதும் கரண்ட் இருக்கும்போதே நின்றுவிடும்), 12 வோல்ட் டிசி. முதலில் டிசிசி ஆக்சஸரி டிகோடர் (டிசிசி கட்டளையைக் கேட்டு பாயிண்டை மாற்றும் கருவி) போட்டுப் பார்த்தேன். த்ராட்டிலில் (கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்) பாயிண்டின் எண் அடித்து முடிப்பதற்குள் வண்டி பாயிண்டைத் தாண்டிவிடுகிறது. அப்புறம் மாடிப்படி விளக்கு மாதிரி இரு பக்கமும் டிபிடிடி டாகிள் (இரு நிலை நெம்பு சுவிட்ச்) வைத்தேன். வேலை செய்கிறது, ஆனால் ஒருவர் மாற்றினால் மறுபக்கத்து நெம்பு பொய் சொல்கிறது. நிலையைக் காட்ட மோட்டாரோடு தொடராக இருநிற எல்இடி போட்டும் பயனில்லை, புதிதாக வருபவர் நெம்பைத்தான் நம்புகிறார், வண்டி தப்பான லைனில் போய் நிற்கிறது. சாதாரண ரிலேயோடு புஷ் பட்டனும் பார்த்தாயிற்று, கரண்ட் போய் வந்தால் பாயிண்டுகள் தானாகத் திரும்பிவிடுகின்றன.

கம்ப்யூட்டர் இல்லாமல், இரு பக்கமும் புஷ் பட்டன் வைத்து, கரண்ட் போனாலும் கடைசி நிலையை நினைவில் வைக்கும் சர்க்யூட் எதை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள்?