சின்ன கார், இரண்டு டர்ட் பைக்: எந்த டிரெய்லர் சரிவரும்?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது சின்ன ஹேட்ச்பேக். தனி பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் மொத்தம் 500 கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று கையேட்டில் போட்டிருக்கிறது. ஏற்ற வேண்டியது இரண்டு டர்ட் பைக், ஒவ்வொன்றும் சுமார் 110 கிலோ. அது பிரச்சினையில்லை. ஆனால் அடுத்து ஒரு ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) வாங்கும் ஆசை. அதுவே 300 கிலோ. டிரெய்லர் 200 கிலோ இருந்தால், சாய்தளத்தையும் பெட்ரோல் கேனையும் வைக்கும் முன்பே கணக்கு இடிக்கிறது. அதனால் அலுமினிய டிரெய்லர் பக்கம் மனசு போகிறது, விலைதான் யோசிக்க வைக்கிறது.

இன்னொரு குழப்பம், காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கியில் இறங்கும் எடை. மொத்தத்தில் பத்து சதவீதமாவது முன்னால் இறங்காவிட்டால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டும். அதிகமானால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்களுக்குப் பிடிப்பு குறையும். என் காரின் கொக்கி தாங்குவது 50 கிலோதான். பைக்கின் முன்சக்கரத்தைப் பிடிக்கும் தாங்கியை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கிற மாதிரி டிரெய்லர் யாராவது வைத்திருக்கிறீர்களா?

அப்புறம் சக்கரம். 8 அங்குலம் என்றால் தளம் தாழ்வாக இருக்கும், ஏற்றுவது சுலபம். ஆனால் நெடுஞ்சாலையில் பேரிங் சூடாகுமே? 13 அங்குலமே மேலா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.